விளக்கில் பிறந்த மீட்டர்



பழைய கார்புரேட்டர் பைக்குகளை வீட்டிலேயே சரிசெய்யும் இளைஞர்கள் சிலர் இப்போது ஹேண்டில்பார் அருகே ஒரு சிறிய மீட்டரைப் பொருத்திக்கொள்கிறார்கள். எஞ்சினில் எரியும் கலவையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று அது காட்டும். வேதியியல் வாத்தியாராக இருந்த எனக்கு இந்த மீட்டரின் பூர்வீகம் மிகவும் பிடித்த கதை.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கலவை 'ரிச்': கரியும் புகையும், வீணாகும் பெட்ரோலும். காற்று கூடினால் 'லீன்': அந்த நிலையில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகி ஓட்டிக்கொண்டே போனால் சூடு ஏறி பிஸ்டனே உருகலாம். மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். கருப்பு என்றால் ரிச், வெளுத்திருந்தால் லீன், இளம்பழுப்பு என்றால் சரி.

நிறத்துக்குப் பதில் எண் எப்படி வந்தது? 1890களின் இறுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் வால்தர் நெர்ன்ஸ்ட் ஒரு மின்விளக்கை உருவாக்கினார். அதன் ஒளிரும் தண்டு சிர்கோனியா கலந்த பீங்கான். நன்றாகச் சூடானால் அதற்குள் ஆக்சிஜன் அயனிகள் நகரும், மின்சாரம் பாயும். டங்ஸ்டன் இழை விளக்கு வந்ததும் நெர்ன்ஸ்ட் விளக்கு மறைந்தது. பீங்கானின் குணம் மட்டும் பயன்பட்டது. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எஞ்சின் புகை இருந்தால், இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் உண்டாகும். அதைக் கணக்கிடுவது பிளஸ் டூ பிள்ளைகள் படிக்கும் அதே நெர்ன்ஸ்ட் சமன்பாடு.

இந்தத் தத்துவத்தில் பாஷ் நிறுவனம் செய்த சென்சார் 1976இல் அமெரிக்காவில் விற்ற வால்வோ கார்களில் வந்தது. நோக்கம் புகை மாசைக் குறைப்பது. பெட்ரோலில் கலந்த ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லா பெட்ரோல் அவசியமாயிற்று. இந்தியா முழுவதும் அது வந்தது 2000இல்.

அந்த முதல் சென்சாருக்கு 14.7க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று மட்டுமே தெளிவாகச் சொல்லத் தெரியும். முழு இழுவைக்கு எஞ்சின் கேட்பதோ 12.5 முதல் 13 வரை. 1990களில் வந்த 'வைட்பேண்ட்' சென்சார் இந்தக் குறையைத் தீர்த்தது. சிறு அறை ஒன்றில் ஆக்சிஜனை உள்ளே அல்லது வெளியே தள்ளிச் சமன் செய்து, அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்று அது அளக்கும். அதன் பிறகுதான் இந்த மீட்டர் வீட்டுப் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது.

தம்பிகளே, ஒன்றை மறக்காதீர்கள். இந்த மீட்டர் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனை மட்டுமே பார்க்கிறது. பிளக் தீப்பொறி தவறினால், எரியாத காற்று அப்படியே வெளியே வரும். மீட்டர் 'லீன்' என்று காட்டும். சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தாலும் அதே கதைதான். அதை நம்பிப் பெரிய ஜெட் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் ஏறத்தாழ 13.5. ஆனாலும் சுத்த பெட்ரோலுக்கு அளவிட்ட மீட்டர் அப்போதும் 14.7 என்றே காட்டும்.

ஆகவே முதலில் பிளக், கசிவு, ஏர் ஃபில்டர் மூன்றையும் சரிபாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: மெதுவோட்டத்துக்கு பைலட் ஜெட், நடுநிலைக்கு நீடில், முழுத் திறப்புக்கு மெயின் ஜெட். மாற்றிய பின் பிளக்கின் நிறத்தையும் ஒருமுறை பாருங்கள். மீட்டரும் பிளக்கும் வேறு வேறு சொன்னால் நிறுத்தி யோசியுங்கள்.

மூடிய அறையில் மட்டும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பிளக் நிறம் பார்த்தே டியூன் செய்த மூத்த மெக்கானிக்குகள் இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.