அம்புலிமாமா எப்படி நின்றது?



நம்ம பழைய மாணவர்கள் குழுவில் ஒரு பிள்ளை கேட்டிருந்தாள்: "சார், மகனுக்கு அம்புலிமாமா வாங்கணும், நாகர்கோவிலில் எந்தக் கடையில் கிடைக்கும்?" கீழே நாலைந்து பேர் பதில் போட்டிருந்தார்கள். டிவி வந்தது, செல்போன் வந்தது, பிள்ளைகள் வாசிப்பதை விட்டார்கள், பத்திரிகையும் நின்று போச்சு என்று. இது பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு கம்பெனியின் கதை. அதைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அம்புலிமாமாவின் முதல் இதழ் வந்தது 1947 ஜூலையில். சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால். அப்போது நம்ம ஊர் தமிழ்நாட்டிலேயே இல்லை. வட்டக்கோட்டையும் கொட்டாரமும் நாகர்கோவிலும் திருவிதாங்கூர் மகாராஜாவின் நாடு. இங்கே புழங்கிய காசு சக்கரம். சென்னையில் தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் 'அம்புலிமாமா' என்றும் இரண்டு மொழியில் ஆரம்பித்தார்கள்.

ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பி.நாகி ரெட்டி, கடப்பை மாவட்டக்காரர். மற்றவர் சக்கரபாணி, தெனாலிப் பக்கம். சக்கரபாணியின் இயற்பெயர் ஆலூரி வெங்கட சுப்பாராவ். இளவயதில் காசநோய் வந்து மதனப்பள்ளி சானடோரியத்தில் கிடந்தபோது அங்கேயே வங்காளி கற்றுக்கொண்டு, சரத்சந்திரரின் நாவல்களைத் தெலுங்கில் கொண்டுவந்த மனிதர். நோய்ப்படுக்கையில் இன்னொரு பாஷை படித்தவரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. நாகி ரெட்டிக்குத் தொழில் தெரியும், அச்சகம் தெரியும். சக்கரபாணிக்குக் கதை தெரியும். 'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா', 'மாயா பஜார்' படங்களை எடுத்த விஜயா புரொடக்‌ஷன்ஸும் இதே இருவர்தான். வடபழனியில் இருந்த விஜயா வாகினி ஸ்டூடியோ ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அம்புலிமாமாவின் பலம் கதையில் மட்டும் இல்லை. பத்திரிகையும் அச்சகமும் ஒரே கையில் இருந்தன. வடபழனி ஆற்காடு சாலையில் பிரசாத் பிராசஸ் என்ற சொந்த அச்சகம். கதை முதலில் தெலுங்கில் எழுதப்படும். பிறகு மற்ற மொழிகளுக்குப் பெயர்ப்பார்கள். படம் எல்லா மொழிக்கும் ஒன்றே. எழுத்து மட்டும் மாறும். யோசித்துப் பாருங்கள், ஒரு ஓவியருக்கு ஒரு தடவை கூலி கொடுத்து அந்தப் படத்தைப் பத்து மொழியில் அடிக்கலாம். குழந்தைப் பத்திரிகைக்கு விளம்பரம் குறைவு, விலையையும் கூட்ட முடியாது. அப்படியிருந்தும் பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு, பல வண்ணத்தில் கொடுக்க முடிந்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

மொழிகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கன்னடமும் இந்தியும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். 1952இல் மராத்தியும் மலையாளமும். மலையாளத்தில் பெயர் 'அம்பிளி அம்மாவன்'. 1955இல் ஆங்கிலம் தொடங்கி, இரண்டு வருஷத்தில் நின்று, 1970இல் மறுபடி வந்தது. இலங்கைக்காகச் சிங்களத்தில், 1984இல் சமஸ்கிருதத்தில், 2004இல் சந்தாலி மொழியில்கூட. சந்தாலி பேசுகிறவர்கள் ஆதிவாசிகள். அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையில் ஒரு பத்திரிகை போட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது பெரிய விஷயம். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பிரெய்ல் பதிப்பும் கொண்டுவந்தார்கள்.

பெரும்பாலான மொழிகளில் நிலா, மாமாதான். அம்மாவின் சகோதரன். மருமக்கள்வழி இருந்த நம்ம நாஞ்சில் நாட்டில் மாமன் சொத்து எப்படிப்பட்ட வில்லங்கம் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்குத் தெரியும். கவிமணி அதை வைத்தே 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். இந்த மாமாவின் சொத்தும் கடைசியில் கோர்ட்டு வரைக்கும்தான் போயிற்று. அதற்கு வருகிறேன்.

எழுதினவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. தெலுங்கின் பெரிய எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980இல் இறக்கும் வரை ஆசிரியர் வேலை பார்த்தார். இதழில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆசிரியர் என்று சக்கரபாணி பெயரும், பிறகு நாகி ரெட்டி பெயரும்தான் அச்சாகும். நாம் எல்லோரும் வாசித்த விக்கிரமாதித்தன்-வேதாளம் கதைக்கு மூலம் சமஸ்கிருதத்தில் சோமதேவரின் கதாசரித்சாகரம். அதில் வேதாளக் கதை இருபத்தைந்துதான். அம்புலிமாமாவில் நூற்றுக்கணக்கில் வந்தன. அதே சுடுகாடு, அதே முருங்கை மரம், அதே கேள்வி என்று சட்டகத்தை வைத்துக்கொண்டு உள்ளே மாதாமாதம் புதுக்கதை வைத்தார்கள். என் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், வேதாளம் கேள்வி கேட்டதும் இதழை மூடி வைத்துவிடுவேன். ராஜாவின் பதிலை நீங்கள் சொல்லிய பிறகுதான் மீதி. உங்களில் சிலர் சொன்ன பதில் விக்கிரமாதித்தன் சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. ஆசிரியப் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த எந்தக் கற்பித்தல் முறையும் இந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

தோளில் பிணம், கையில் உருவிய வாள், திரும்பிப் பார்க்கும் ராஜா. அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர். முழுப்பெயர் கே.சி.சிவசங்கரன். தாராபுரம் பக்கம் காரத்தொழுவு கிராமத்தில் 1924இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, கலைமகளில் வேலை பார்த்து, 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்தார். பத்திரிகை நிற்கும் வரை, அறுபது வருஷம், அங்கேயே வரைந்தார்.

இனி கம்பெனி விவகாரம். பழைய இதழ் கையில் கிடைத்தால் பதிப்பு விவரம் போட்டிருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். அதை யாரும் வாசிப்பதில்லை, ஆனால் ஒரு பத்திரிகையின் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. 1970களில் வந்த ஆங்கில இதழ்களில் அச்சிட்டது பிரசாத் பிராசஸ், வெளியிடுவது பி.விஸ்வநாத ரெட்டி, உரிமை 'சந்தமாமா சில்ட்ரன்ஸ் டிரஸ்ட் ஃபண்ட்' என்று இருக்கும். குழந்தைகளின் பெயரில் ஒரு அறக்கட்டளை. விஸ்வநாத ரெட்டி நாகி ரெட்டியின் மகன், விஸ்வம் என்பார்கள். 1975இல் சக்கரபாணி காலமானார். 1980இல் குடும்பராவ் போனார். ஆரம்பித்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

டிவியின் பங்கை நான் மறைக்கவில்லை. 1985இல் தூர்தர்ஷனில் 'விக்ரம் அவுர் பேதாள்' வந்தது. அடுத்து ராமாயணம் வந்தது. வேதாளமே டிவிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் பிள்ளை ஏன் பத்திரிகையைத் தேடும்? ஆங்கிலத்தில் 'டிங்கிள்' வேறு 1980 முதல் வந்துகொண்டிருந்தது. விற்பனை குறைந்தது உண்மை. ஆனாலும் டிவி வந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் பத்திரிகை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

1998இல் முதல் தடவையாக நின்றது. காரணம் தொழிலாளர் தகராறு. ஐம்பது வயதைத் தாண்டிய பத்திரிகை ஒரு வருஷத்துக்கு மேல் கடைக்கு வரவில்லை. ஒரு மாத இதழுக்கு ஒரு வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று நாம் யோசிப்பதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போய்விடும். கடைக்காரர் அந்த இடத்தில் வேறு பத்திரிகையைத் தொங்கவிட்டிருப்பார். வாரப் பத்திரிகை வாசிக்கிற பெரியவர்கள் காத்திருப்பார்கள், பிள்ளைகளின் வயசு காத்திருக்காது.

1999 ஆகஸ்டில் அது பப்ளிக் லிமிடெட் கம்பெனி ஆனது. குடும்பத்திடம் 40 சதவீதம். மீதி 60 சதவீதம் மோர்கன் ஸ்டான்லியில் இருந்த வினோத் சேத்தியிடமும் சுதிர் ராவிடமும். அந்த டிசம்பரில் இதழ் மறுபடி வந்தது. வெளியார் பணம் வந்திருக்காவிட்டால் 1998ஓடு கதை முடிந்திருக்கும். அதனால் பணம் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேலே சொன்ன சந்தாலிப் பதிப்பும் இந்தக் காலத்தில்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அம்புலிமாமா பங்குக் கணக்குக்குள் வந்துவிட்டது. பங்கு என்றால் கைமாறத்தான் செய்யும். 2004 பிப்ரவரியில் நாகி ரெட்டி காலமானார்.

2007 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 94 சதவீதப் பங்கை வாங்கியது. விலை ஏறத்தாழ 10 கோடி ரூபாய். அறுபது வருஷக் கதைகள், பத்துக்கு மேற்பட்ட மொழிகள், அத்தனை படங்கள், அந்தப் பெயர் எல்லாம் சேர்த்து. இன்று சென்னையில் ஒரு நல்ல பங்களா வாங்க அந்தப் பணம் போதாமலும் போகலாம். வாங்கியவர்களின் எண்ணம் இதை இணையத்துக்குக் கொண்டுபோவது. அது தப்பான எண்ணம் இல்லை. பழைய இதழ்களை அவர்கள் வலையில் ஏற்றியபோது நானே மகிழ்ந்து வாசித்தேன். 2008இல் மும்பையில் அமிதாப் பச்சனை வைத்து அறுபதாண்டு மலரும் வெளியிட்டார்கள்.

ஆனால் அந்தக் கம்பெனி வெளிநாட்டில் கடன் பத்திரம் விற்றுப் பெரும் பணம் வாங்கியிருந்தது. 2013இல் தவணை வந்தபோது திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த ஆண்டுக்குள் அம்புலிமாமாவும் எல்லா மொழியிலும் நின்றுபோனது. சந்தா கட்டியவர்களுக்கு இதழ் வரவில்லை. 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தாய்க் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. விவகாரம் அமலாக்கத் துறை வரை போயிற்று. 2016இல் இணையதள முகவரியைக்கூடப் புதுப்பிக்க ஆளில்லாமல் அதுவும் காலாவதியானது.

இதில் பிள்ளைகள் செய்த தப்பு எங்கே இருக்கிறது? விற்பனை குறைந்த பத்திரிகை சிறுத்துப் போகும், பக்கம் குறையும், மொழி குறையும், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆகும். இது அப்படிச் சிறுத்துச் சாகவில்லை. அறுபத்தைந்து வயதுப் பத்திரிகையைத் தன் சொந்தக் கணக்கோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்த தாய்க் கம்பெனி மூழ்கியது, இதுவும் கூடவே மூழ்கியது. அச்சகம் தனி, பத்திரிகை தனி, உரிமையாளர் வேறு ஊரில், ஆசிரியர் குழு சம்பளத்துக்கு என்று பிரிந்துபோன பிறகு, காப்பாற்ற நினைத்தவர்கள் கையில் எதுவும் இல்லை.

சங்கர் கையிலும் இல்லை. நம்முடைய 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகை வேலையில் இருக்கும்போது அதற்காக வரைந்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமைக்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர். விக்கிரமாதித்தனின் வாளையும் தோளையும் பத்திரிகையில் அச்சிடும் உரிமை வரைந்தவருக்குச் சொந்தமாவதில்லை, கம்பெனியின் சொத்துப் பட்டியலில் போய்ச் சேர்கிறது. கம்பெனியைக் கலைக்கும்போது மேசை நாற்காலியோடு அதையும் எண்ணுவார்கள். சங்கர் அதன் பிறகு ராமகிருஷ்ண விஜயத்துக்குப் படம் போட்டார். தொண்ணூறு வயதுக்கு மேல் மாதாமாதம்! 2020 செப்டம்பரில், 96 வயதில் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ வந்தது.

பழைய கம்பெனிகள் எல்லாம் இப்படியே முடியும் என்றும் சொல்ல முடியாது. எஸ்.எஸ்.வாசன் 1928இல் வாங்கிய ஆனந்த விகடன் குடும்பக் கையில் நின்றது. கல்கி 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. நமக்குப் பக்கத்துச் சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸோடு சேர்ந்து, சந்தாவை நம்பி இன்னும் ஓடுகிறது. வாசகர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது, அது வேறு விஷயம். சின்னக் கடைதான், ஆனால் பூட்டும் சாவியும் அவர்களிடமே இருக்கிறது.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு: மகளே, நாகர்கோவில் கடைகளில் தேடாதே, கிடைக்காது. பழைய இதழ்களைப் பலர் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், தமிழிலும் உண்டு. மகனிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்து.

மற்றவர்களுக்கு: அம்மா வீட்டு மச்சிலோ, அரிசிப் பெட்டியிலோ பழைய அம்புலிமாமா கிடந்தால் பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த வருஷம், எந்த மாதம், விலை என்ன, பதிப்பு விவரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். கேரளப் பக்கம் கட்டிக்கொடுத்த உறவினர்கள் 'அம்பிளி அம்மாவன்' வைத்திருந்தால் அதையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். ஒரே மாதத்துத் தமிழையும் மலையாளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.