கோடைதோறும் திறக்கும் கதவு

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியமர்ந்தோர்க்கு, ஊர் என்பது நாளடைவில் ஓரிரு நாட்களாகச் சுருங்கிவிடுகிறது. தேர்த்திருநாளோ, குலதெய்வப் படையலோ, அத்தகைய ஒரு நாளில்தான் அவர்கள் மீண்டும் அவ்வூராராகின்றனர். இது நமக்கு மட்டுமே உரிய அனுபவம் அன்று. அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கோடியில், மலைகளுக்கிடையே அமைந்த ஒரு சிற்றூரின் பழைய மன்றமும் இவ்வுண்மையையே எடுத்துரைக்கின்றது. அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

வெர்மாண்ட் மாநிலத்தின் தென்கிழக்கில், கனெக்டிகட் ஆற்றின் மேற்கரையில் உள்ளது ராக்கிங்ஹாம். இன்றும் ஐயாயிரத்துக்குக் குறைந்த மக்களே வாழும் ஊர் அது. அங்கே ஒரு மேட்டின்மீது, மரத்தாலான பெரிய வெண்ணிறக் கட்டிடம் ஒன்று நிற்கின்றது. கோபுரம் இல்லை, ஒப்பனை இல்லை. மேற்கதவில் இருபதும் கீழ்க்கதவில் இருபதுமாகச் சிறு கண்ணாடிகள் பதித்த சாளரங்களே அதன் அணிகலன். ஜான் புல்லர் என்பார் தலைமைத் தச்சராய் நின்று பணியை நடத்தினார். 1787ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1801இல் முற்றுப்பெற்றது. தொடங்கிய காலத்தில் வெர்மாண்ட் ஒரு தனி நாடு; 1791இல்தான் அது பதினான்காவது மாநிலமாக அமெரிக்க ஐக்கியத்தில் சேர்ந்தது. ஆகவே, ஒரு நாட்டில் கால்கோள் கொண்ட கட்டிடம், நின்ற இடம் பெயராமலே மற்றொரு நாட்டில் நிறைவெய்தியது எனலாம்.

இக்கட்டிடத்தை அவ்வூரார் ‘மீட்டிங் ஹவுஸ்’ என்றனர். நாம் ஊர்மன்றம் என்போம். கோயில் என்று சொல்லாமைக்குக் காரணம் உண்டு. நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன் மரபினர், திருச்சபை என்பது கூடும் மக்களே அன்றிக் கூடும் கட்டிடம் அன்று என்னும் கொள்கையினர். ஆதலின் ஞாயிறன்று வழிபாடு நடந்த அதே கூரையின் கீழ், வேறொரு நாள் ஊர்ப் பொதுக்கூட்டமும் நடந்தது. உள்ளே வரிசைப் பலகைகள் இல்லை. தடுப்புகளால் அடைத்த சதுரமான சிறு அறைகள் உள்ளன. குடும்பத்துக்கு ஓர் அறை. அதன் சுவர்களை ஒட்டி நாற்புறமும் இருக்கைகள். எனவே வீட்டாரிற் சிலர் போதகருக்கு முதுகு காட்டியே அமர நேர்ந்தது!

ஊர்க்கூட்டத்தின் அலுவல்கள் நம் கிராமத்தாருக்கு அயலானவை அல்ல. பாதைகளைச் செப்பனிடுதல், வரி விதித்தல், வறியோரைப் பேணுதல், வேலித் தகராறுகளைப் பார்ப்போரைத் தேர்தல், தப்பியலையும் மாடுகளை அடைக்கும் பட்டிக்குக் காவலரை நியமித்தல் ஆகிய யாவும் அங்கே முடிவாயின. பிரதிநிதி வழியாக அன்றி, ஊரார் தாமே நேரில் வாக்களித்தனர். மக்களாட்சியின் தொட்டில் என்று இம்முறையை அறிஞர் புகழ்வர்.

ஆயினும் அத்தொட்டிலில் எல்லோர்க்கும் இடம் இருந்ததில்லை. பெண்டிர் வழிபாட்டில் அமரலாம். ஊர்க்கூட்டத்தில் வாக்களித்தல் இயலாது. வரி செலுத்தும் மகளிர்க்கு ஊர்த் தேர்தல்களில் அவ்வுரிமையை வெர்மாண்ட் மாநிலம் வழங்கியது 1917இல்தான். அதற்குள் ராக்கிங்ஹாம் மன்றத்தில் ஊர்க்கூட்டமே நின்றுபோயிருந்தது. மற்றொன்றும் உண்டு, நம்மைப் போன்றோர் நெஞ்சில் தைக்கக் கூடியது. பிழைப்பைத் தேடிப் புதிதாக வந்தவர்க்கு, ‘இவ்வூரை விட்டு அகல்க’ என்று முறைப்படி அறிவிப்புக் கொடுக்கும் வழக்கம் நியூ இங்கிலாந்து ஊர்களில் நிலவியது. வந்தவர் நாளை வறுமையுற்றால் அவரைக் காக்கும் செலவு ஊரின் தலையில் விழலாகாது என்பதே அதன் நோக்கம். அறிவிப்புப் பெற்றோரிற் பலர் அங்கேயே தங்கி வாழ்ந்தனர் என்பது உண்மையே. எனினும் வந்தவர் காதில் விழுந்த முதற்சொல் அதுவாயின், அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

காலம் மாறியது. சமயச் செலவுக்கு ஊரார் வரி செலுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை வெர்மாண்ட் 1807இல் நீக்கியது. இம்மன்றத்தில் வழிபாடு 1839இல் நின்றது. ஆற்றங்கரையில் அமைந்த பெல்லோஸ் பால்ஸ் என்னும் பகுதிக்கு 1849இல் இருப்புப்பாதை வந்தது. வணிகமும் மக்களும் அப்பக்கம் சாய்ந்தனர். 1869இல் ஊர்க்கூட்டமும் மன்றத்தை விட்டு நீங்கியது. கட்டிடம் கேட்பாரற்றுச் சிதையத் தொடங்கிற்று.

மன்றம் மட்டுமா வெறுமையாயிற்று? மாநிலமே அந்நிலையில் இருந்தது. மேற்கே வளமான நிலம் அழைத்தது. தெற்கே பஞ்சாலை நகரங்கள் அழைத்தன. கல்லும் மேடுமான வயலை விட்டு இளைஞர் புறப்பட்டனர். 1850இல் வெர்மாண்டின் மக்கள்தொகை 3,14,120. ஐம்பதாண்டு கழித்து 1900இல் 3,43,641. அதே காலத்தில் நாடு முழுவதன் மக்கள்தொகையோ 2 கோடியே 31 லட்சத்திலிருந்து 7 கோடியே 60 லட்சமாகப் பெருகியிருந்தது. வருவோரை அகற்றிய ஊர்கள், இப்போது போனவர்களை எண்ணி ஏங்கின.

அவ்வேக்கத்துக்கு வடிவம் தந்தவர், ஆற்றின் மறுகரையிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநில ஆளுநர் பிராங்க் ரோலின்ஸ். ஊரை விட்டுச் சென்றோர் யாவரும் கோடையில் ஒரு வாரம் தாயூர் வந்து செல்லுமாறு 1899இல் அவர் அழைப்பு விடுத்தார். ‘பழைய வீட்டு வாரம்’ என்னும் அவ்விழா அண்டை மாநிலங்களுக்கும் பரவியது. இத்தகைய உணர்வு மேலோங்கிய காலத்தில்தான் ராக்கிங்ஹாம் மக்களும் தம் பழைய மன்றத்தை நினைந்தனர். 1906இல் அது பழுது பார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டாகிய 1907 முதல், ஆகஸ்டு மாதத்து முதல் ஞாயிறன்று ஊரார் அங்கே கூடும் வழக்கம் தோன்றியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘யாத்திரை’ என்பதாகும்.

கோடையைத் தேர்ந்தமைக்கு இயற்கையும் ஒரு காரணம். குளிர் காயும் வசதியின்றிக் கட்டப்பட்ட மண்டபங்கள் இவை. முற்காலத்து மகளிர் தணல் இட்ட சிறு பெட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டே பனிக்கால வழிபாட்டில் அமர்ந்தனர். இன்று பனிக்காலம் முழுதும் மன்றம் உறங்குகிறது. வெயில் வந்ததும் விழிக்கின்றது. இசை நிகழ்ச்சிகளும் சொற்பொழிவுகளும் நடைபெறுகின்றன, திருமணங்களும் நிகழ்கின்றன. மன்றத்தை அடுத்துள்ள இடுகாட்டில் தம் முன்னோர் பெயர் பொறித்த பழைய கற்பலகைகளை வந்தவர்கள் தேடிப் படிக்கின்றனர். நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னமாக 2000ஆம் ஆண்டில் இம்மன்றம் அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒன்று சிந்திக்கத் தக்கது. ஊர்க்காரியம் என்னும் தேவை, 1801 முதல் எண்ணினால், இக்கட்டிடத்தை 68 ஆண்டுகளே காத்தது. ஆண்டுக்கொரு நாள் விரும்பிக் கூடும் வழக்கமோ நூறாண்டைக் கடந்து நிற்கின்றது. வரியும் சட்டமும் கைவிட்டதை, வருவதற்கு எக்கட்டாயமும் இல்லாத மக்கள் வந்து காத்தனர்.

அன்பர்களே, நம் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை. நாற்காலி சுமப்போரும், சந்தா திரட்டுவோரும், பந்தியில் பரிமாறுவோரும் மனமுவந்து செய்வதாலேயே அது நடக்கின்றது. ‘ஒரு நாள் கூத்துக்கு இத்தனை பாடா?’ என்று சலித்துக்கொள்ளும் வேளையில் ராக்கிங்ஹாமின் அந்த ஒரு நாளை நினைத்துக்கொள்வோமாக. அவ்வூர் தொடக்கத்தில் செய்த பிழையையும் மறவாதிருப்போம். சென்ற மாதம் மாற்றலாகி நம் காலனிக்கு வந்த குடும்பம் எதுவென விசாரித்து, விழா அழைப்பை முதலில் அவர்கள் வீட்டிற் கொண்டு கொடுப்போம்.