மண்ணில் மாடம் சமைத்த மிஸ்ரு நாட்டார்

கட்டடக்கலை வரலாறு என்றாலே சுல்தான்களின் பெயர்களையும் பளிங்கு மண்டபங்களையும் அடுக்கிச் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. குர்துபாவின் வளைவுகளைப் போற்றுவோம். தாஜ்மஹாலின் வெண்மையை வியப்போம். அந்த மன்னர்களின் குடிமக்கள் எத்தகைய கூரையின் கீழ் உறங்கினார்கள் என்று கேட்பார் அரியர். அந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டவர், 1989 நவம்பர் 30ஆம் நாள் காஹிராவில் மறைந்த ஹஸன் ஃபத்ஹீ என்னும் கட்டடக் கலைஞர்.

1900இல் இஸ்கந்தரிய்யாவில் நிலபுலன் மிக்க குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1926இல் காஹிராவில் கட்டடக்கலை பயின்று தேர்ந்தார். தம் குடும்பத்தின் பண்ணையையே இருபத்தேழாவது வயதில்தான் முதன்முறையாகக் கண்டார். அங்கே உழவர்கள் வாழ்ந்த தாழ்ந்த இருட்குடிசைகள் அவர் உள்ளத்தை உலுக்கின. அவர்களுக்கு நல்ல வீடு கட்ட வேண்டும். ஆனால் சிமெண்டும் இரும்பும் வாங்க உழவனிடம் காசில்லை. அவன் காலடியில் கிடப்பதோ மண். அந்த மண்ணால் சுவர் எழுப்பலாம், கூரைக்கு என்ன செய்வது? மிஸ்ரில் மரம் அரிது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் வெளிநாட்டு மரமும் இரும்பும் வருவது நின்றது.

காஹிராவை அடுத்த பஹ்தீம் பண்ணையில், சுடாத செங்கல்லாலேயே வளைகூரை அமைக்க முயன்றார். கூரை சரிந்து விழுந்தது. அஸ்வானில் அணைக்கட்டுப் பணியில் இருந்த அவருடைய சகோதரர், நூபிய மக்கள் மரச்சாரமின்றியே வளைகூரை கட்டுவதாகத் தெரிவித்தார். 1941இல் ஃபத்ஹீ அங்கே சென்று பார்த்தார். பல்கலைக்கழகம் கற்பிக்காத பாடத்தை எழுத்தறியாக் கொத்தனார்கள் அவருக்குக் கற்பித்தனர்.

அந்த முறையைச் சற்று விளக்குவது நலம். அறையின் ஒரு முனையில் உயரமான சுவர் ஒன்றை எழுப்புகிறார்கள். அதன்மீது கொத்தனார் ஈர மண்ணால், அளவுகோல் ஏதுமின்றிக் கண்ணளவாலேயே ஒரு வளைவை வரைகிறார். செங்கற்களை நேராக அடுக்காமல், அச்சுவரின்மேல் சாய்ந்திருக்குமாறு ஒவ்வொரு வரிசையாக ஒட்டுகிறார். ஒவ்வொரு வளையமும் முன்னதன்மீது சாய்ந்து நிற்பதால் தாங்குவதற்குச் சாரம் தேவையில்லை. இதற்கான கல் 25 சென்டிமீட்டர் நீளமும் 15 அகலமும் 5 கனமும் உடையது. கனம் குறைய வைக்கோல் அதிகம் கலக்கப்படும். மண்சாந்து நன்கு பற்றிக்கொள்ளும் பொருட்டு, ஈரமாக இருக்கும்போதே விரல்களால் அதன்மேல் கோடு கீறிவிடுவார்கள். லுக்ஸூரில் ராம்ஸேஸ் மன்னனின் ஆலயத்தையொட்டி இவ்வாறு கட்டப்பட்ட தானியக் களஞ்சியங்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இன்றும் நிற்கின்றன. மண்வீடு மழைக்குக் கரையும் என்று ஏளனம் பேசுவோர் இதனைக் கருத்தில் கொள்ளட்டும். (மழை மிகுந்த நாட்டில் அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு, ஃபத்ஹீ கட்டியது மழையரிய நாட்டில்.)

வெறும் மலிவு மட்டுமே அவர் நாட்டமன்று. அரபியில் வீட்டைக் குறிக்கும் ‘ஸகன்’ என்ற சொல்லும் அமைதியைக் குறிக்கும் ‘ஸகீனா’வும் ஒரே வேரில் பிறந்தவை. முற்றத்தைச் சூழ்ந்த வீட்டைப் பற்றி எழுதுகையில் ஃபத்ஹீ இவ்வுறவைச் சுட்டுகிறார். இரவின் குளிர்ந்த காற்று முற்றத்தில் தங்கிப் பகலில் அறைகளுக்குள் பரவும். காஹிராவின் பழைய மாளிகைகளில் கூரைக்கு மேலெழுந்து வடகாற்றை வாங்கி உள்ளே இறக்கும் ‘மல்கஃப்’ என்னும் காற்றுவாங்கியையும், மரச்சல்லடையான ‘மஷ்ரபிய்யா’வையும் அவர் ஆராய்ந்தார். தாம் கட்டிய பள்ளிக்கூடத்தில் காற்றுவாங்கியினுள் ஈரக் கரியை வைத்து வெப்பத்தைப் பத்துப் பாகை அளவுக்குக் குறைத்தார். இயந்திரமில்லை, மின்சாரமுமில்லை.

இனி, அவருக்குப் புகழும் வேதனையும் ஒருங்கே தந்த குர்னா. லுக்ஸூருக்கு எதிர்க்கரையில், பண்டைய கல்லறைகளின் மேலேயே குர்னா மக்கள் வீடுகட்டி வாழ்ந்தனர். கல்லறைப் பொருள்களை எடுத்து விற்பது அவர்களுள் பலருக்குப் பிழைப்பு. புடைப்புச் சிற்பம் ஒன்று பாறையோடு பெயர்க்கப்பட்டுக் களவுபோனதும், ஏறத்தாழ ஏழாயிரம் பேரையும் வேறிடத்தில் குடியமர்த்தத் தொல்பொருள் துறை முடிவுசெய்தது. 1945இல் அப்பணி ஃபத்ஹீயிடம் வந்தது. ஒரே அச்சில் வார்த்த வீடுகளை அவர் வெறுத்தார். குடும்பந்தோறும் தேவையறிந்து வரைய முனைந்தார். நூபியக் கொத்தனார்களை வரவழைத்தார். மஸ்ஜித், சந்தை, அரங்கம், பள்ளிகள் எழுந்தன. ஆனால் ஊரார் வரவில்லை. அணைக்கரையை உடைத்து வெள்ளத்தைப் புதிய ஊருக்குள் விட்டவர்களும் உண்டு. அதிகாரிகளின் தாமதமும் சேர்ந்து, திட்டத்தின் சிறு பகுதி முடிந்த நிலையில் 1948இல் வேலை நின்றது.

குறை யாருடையது? ஃபத்ஹீ அதிகாரிகளையே பெரிதும் சாடினார். அதில் நியாயமுண்டு. எனினும் குவிமாடத்தைக் கல்லறையோடு சேர்த்தே எண்ணிப் பழகிய மக்களுக்கு அதன்கீழ் உறங்க மனம் வருமா என்பதை அவர் போதுமான அளவு எண்ணவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிழைப்பை விட்டு வா என்பவன் முதலில் வேறு பிழைப்பைக் காட்ட வேண்டும். கைத்தொழில்களைக் கற்பிக்க அவர் திட்டமிட்டது மெய்; ஆயினும் திட்டம் வயிற்றை நிரப்பாது. கொத்தனாரிடம் மாணவராக அமர்ந்தவர், குடியிருக்க வேண்டியவரிடமும் அவ்வளவு நேரம் அமர்ந்திருக்கலாம்.

மனம் கசந்த அவர் 1957இல் ஏதென்ஸ் சென்று சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பினார். கார்ஜா பாலைவனச் சோலையில் தொடங்கிய பாரிஸ் என்னும் புதிய ஊர் 1967ஆம் ஆண்டுப் போரால் நின்றுபோயிற்று. குர்னாவின் கதையைச் சொல்லும் அவருடைய நூல் 1969இல் மிஸ்ரிலும், 1973இல் அமெரிக்காவிலும் வெளிவந்த பின்னரே உலகம் அவரை நாடியது. 1980இல் ஆகாகான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

எண்பது வயதில் அவர் நூபியக் கொத்தனார்களோடு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குச் சென்று, அபிகியூ என்ற ஊரில் மண்கல்லால் ஒரு மஸ்ஜித் எழுப்பினார். அவ்வூரார் மண்கல்லை ‘அடோபி’ என்கின்றனர். அரபியின் ‘அத்தூப்’ ஸ்பெயின் வழியாகக் கடல்கடந்து அடைந்த உருவமே அது. சொல் முன்னே போயிருந்தது; தொழில் பின்னே போய்ச் சேர்ந்தது.

புதிய குர்னாவின் வீடுகளுள் பல உப்பும் நிலத்தடி நீரும் ஏறிப் பழுதடைந்தன. பல இடிக்கப்பட்டுக் கான்கிரீட்டாக மாறின. பழைய குர்னாவையோ 2006இல் அரசு இடிக்கத் தொடங்கி, மக்களை வேறொரு புதிய குடியிருப்புக்கு அனுப்பியது; ஃபத்ஹீயின் ஊருக்கு அன்று. அவர் கட்டிய மஸ்ஜித் மண்சுவரோடு நிற்கிறது. அதில் தொழுகை நடக்கிறது.