ஆட்டுக்கறி விலை ஏன் ஏறுகிறது? சங்கரன்கோவில் வட்டாரச் சந்தை – ஒரு பார்வை

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்த வருஷம் ஆடு என்ன விலை?" என்பதுதான். கடையில் கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் இந்தக் கேள்வி பெருநாளோடு முடிவதும் இல்லை. தறி ஓட்டியும் சிறு கடை வைத்தும் பிழைக்கும் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கறி அரைக்கிலோவாகி, பிறகு கோழிக்கறியாகிவிட்டது. கறிக்கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கணக்கைப் பார்த்தால் விஷயம் வேறு.

ஆடு எங்கிருந்து வருகிறது?

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டாரம் மானாவாரி நிலமும் கரிசலும் கலந்த பூமி. இங்கும் பக்கத்துத் தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களிலும் கன்னி ஆடு பெயர்பெற்றது. கறுப்பு உடலும் முகத்தில் வெள்ளைக் கோடும் உள்ளது பால்கன்னி, செந்நிறக் கோடு உள்ளது செங்கன்னி. இரட்டைக் குட்டி ஈனுவது இதன் சிறப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக் கொடி ஆடும், செம்மறியில் வேம்பூர், கீழக்கரிசல் இனங்களும் சந்தைக்கு வருகின்றன.

சங்கரன்கோவில்–தென்காசி வழியிலுள்ள பாம்புக்கோவில் சந்தை, ஊரின் பெயரிலேயே சந்தையைத் தாங்கி நிற்கிறது. நெல்லை மேலப்பாளையம், எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை ஆகியவை இன்னும் பெரியவை. இவற்றுக்கு உள்ளூர்க் கடைக்காரர்களோடு கேரள வியாபாரிகளும் வருகிறார்கள். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று கறி அதிகம் விற்கும் ஊர்களும் இதே ஆடுகளைத்தான் நம்பியிருக்கின்றன. எனவே நம் ஊர் விலையை நம் ஊர் மட்டும் தீர்மானிப்பதில்லை.

ஒரு கிலோ கறியின் கணக்கு

உயிர் எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் கறி கிடைக்கும். ஓர் உதாரணம்: 20 கிலோ ஆட்டை 8,000 ரூபாய்க்கு வாங்கி 9 கிலோ கறி கிடைத்தால், அசல் மட்டுமே கிலோவுக்கு சுமார் 890 ரூபாய் ஆகிறது. தலை, கால், குடல், ஈரல் விற்ற பணத்தில்தான் வண்டி வாடகை, சந்தைக் கட்டணம், கூலி, கடைக்காரரின் லாபம் எல்லாம் வரவேண்டும். முன்பு தோலும் நல்ல விலைக்குப் போனது. தோல் விலை விழுந்துவிட்டதால் கடைக்காரருக்கு அந்த வருமானம் குறைந்தது. குர்பானித் தோலை நம்பியிருந்த மதரஸாக்களுக்கும் அதே நஷ்டம்தான்.

சந்தையில் பெரும்பாலும் ஆட்டை நிறுப்பதில்லை. முதுகைத் தடவி, தூக்கிப் பார்த்து, கண்மதிப்பில் விலை பேசுகிறார்கள். மதிப்பில் ஒரு கிலோ பிசகினாலும் மேலே சொன்ன கணக்கில் லாபம் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை சந்தைக்குப் போகும் நமக்கு இந்தக் கண்மதிப்பு இல்லை. தரகரிடம் நாம் கூடுதலாகக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

உற்பத்தி ஏன் உடனே கூடாது?

கோழி 45 நாட்களுக்குள் கடைக்கு வந்துவிடும். ஆட்டின் சினைக்காலம் மட்டுமே ஐந்து மாதம். ஹனஃபி மத்ஹபில் வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிறைந்தால் குர்பானிக்குப் போதும். ஷாஃபி மத்ஹபில் இரண்டு வயது நிறைய வேண்டும். அப்படியென்றால் பெருநாளுக்கு அறுக்கும் வெள்ளாடு குறைந்தது 17 மாதம், ஷாஃபி வழக்கப்படி 29 மாதம் முன்பே சினையாகியிருக்க வேண்டும். விலை ஏறியதைப் பார்த்து இன்று உற்பத்தியைக் கூட்ட எந்த ஆட்டுக்காரராலும் முடியாது.

2012, 2019 கால்நடைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் தமிழகத்தில் வெள்ளாடு சுமார் 81 லட்சத்திலிருந்து 99 லட்சமாக உயர்ந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டம் இந்த இடைவெளியில்தான் நடந்தது. செம்மறியோ சுமார் 48 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்குவதும், கிடை போட்டு மேய்க்க அடுத்த தலைமுறை வராததும் கிராமங்களில் நாம் கண்ணால் பார்ப்பவை. மழைக்காலத்தில் நீலநாக்கு நோயும் ஆட்டுக்கொல்லி நோயும் தாக்கினால் மந்தையே குறைந்துவிடும்.

தேவை ஒரே நேரத்தில் குவிகிறது

நெல்லைச் சீமையில் சித்திரை முதல் ஆடி வரை கோயில் கொடைக்காலம். கிடா வெட்டு அப்போதுதான் அதிகம். ஹஜ்ஜுப் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. தமிழகத்தில் 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7 என்று வந்தது. அதாவது சில ஆண்டுகளாக நம் பெருநாளும் கொடைக்காலமும் ஒன்றாக வருகின்றன. கோடையில் புல் காய்ந்து ஆடு இளைத்திருக்கும் நேரமும் அதுதான். தேவை உச்சத்தில், எடை குறைவாக, விலை அதிகமாக நாம் வாங்குகிறோம். மாறாக, புரட்டாசியிலும் ஐயப்ப பக்தர்கள் மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும் கறி விற்பனை மந்தமாக இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

கடைசி வாரச் சந்தையைத் தவிர்ப்பது முதல் வழி. மழையும் நோயும் ஓய்ந்த தை, மாசியில் தடுப்பூசி போட்ட குட்டியை வாங்கி, வளர்ப்புக் கூலி பேசி ஆட்டுக்காரரிடமே விட்டுவைக்கலாம். வயதை வாய்ச்சொல்லில் விடாமல், ஆட்டுக்காரரிடம் ஈன்ற மாதத்தைக் கேட்டு, பல்லையும் பார்க்க வேண்டும். இயன்றவரை உயிர் எடை நிறுத்து வாங்க வேண்டும். ஒரு ஜமாஅத்தில் இருபது குடும்பங்கள் சேர்ந்து கிராமத்துக்கே போய்ப் பேசினால் தரகுச் செலவு குறையும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சரக்கு சந்தையை அடையும் முன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை தெரியாத விற்பவர் ஏமாறக்கூடாது என்பது அதன் நோக்கம். எனவே கிராமத்தில் வாங்கும்போது அன்றைய சந்தை நிலவரத்தை ஆட்டுக்காரருக்குச் சொல்லி, அதையொட்டி விலை பேசுவதே நேர்மை. ஆடு மேய்க்கும் விதவைப் பெண்ணுக்கு அந்த இரண்டு கிடாதான் வருஷத்தின் சேமிப்பாக இருக்கும்.

கறிக்கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களும் வெள்ளாட்டுக்கறி எது, செம்மறிக்கறி எது என்று சொல்லி, சரியாக நிறுத்துக் கொடுத்தால் விலை ஏறினாலும் வாடிக்கையாளரின் நம்பிக்கை குறையாது. குர்பானி கொடுக்க வசதியுள்ளவர்கள், கறிக்கடைப் பக்கமே போக முடியாத வீடுகளை முன்கூட்டியே பட்டியலிட்டு வையுங்கள். இந்த விலையில் பல வீடுகளுக்கு அந்தப் பங்குதான் வருஷத்தின் ஆட்டுக்கறி. அல்லாஹ் நம் அனைவரின் குர்பானியையும் ஏற்றுக்கொள்வானாக.