பிலிப்பைன்ஸ் கோற்போரின் முதற்பாடங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஏட்டில் எழுதப்படாமல் உடல்வழியே கைமாறி வந்த கலைகளுக்கு வரலாறு காண்பது எளிதன்று. கல்வெட்டும் செப்பேடும் மன்னரைப் பேசும். கோல் பிடித்த உழவனைப் பேசா. எனினும் அத்தகைய கலைகளிலும் ஓர் ஆவணம் எஞ்சி நிற்கிறது. ஆசான் மாணவனுக்கு முதல் நாளில் கற்பிக்கும் பாடமே அவ்வாவணம். பிலிப்பைன்ஸ் தீவுகளின் கோற்போர் இதற்கு நல்லதொரு சான்று. ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என மூன்று பெயர்களில் வழங்கும் இக்கலையைச் சுற்றி வீரக்கதைகள் பல பின்னப்பட்டுள்ளன. அக்கதைகள் சொல்வதைக் காட்டிலும் தொடக்கப் பயிற்சிகள் சொல்லும் வரலாறே நம்பத்தக்கது.

முதலில் பெயர்களை நோக்குவோம். எஸ்க்ரிமா என்பது வாட்போரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லின் திரிபு. ஆர்னிஸ் என்பதும் கவசத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லினின்று பிறந்ததே. நாட்டு மக்களின் கலைக்கு அயலார் மொழியில் பெயர் அமைந்தது வியப்பன்று. 1565 முதல் 1898 வரை ஸ்பானியர் அத்தீவுகளை ஆண்டனர். அவர்கள் காலத்தில் கொமேத்யா என்னும் நாடக வகை ஊர்த் திருவிழாக்களில் செழித்தது. கிறித்தவ வேந்தரும் இசுலாமிய வேந்தரும் மேடையில் வாள் சுழற்றிப் பொருதும் நாடகம் அது. நடிகர் அணிந்த போர்க்கோலத்திற்குரிய சொல்லே நாளடைவில் போர்முறைக்கும் பெயராயிற்று என்பர். புலவர் பலக்தாஸ் 1838இல் வெளியிட்ட ‘ஃப்ளோரன்தே அட் லௌரா’ என்னும் காப்பியத்தில் மற்போருடன் சேர்த்து இவ்விளையாட்டும் பெயர் சுட்டப்படுகிறது. இலக்கியம் வரலாற்றுக்குக் கைகொடுக்கும் அரிய இடங்களுள் இஃது ஒன்று.

காலி என்னும் மூன்றாவது பெயரே சிக்கலானது. ஏனைய இரண்டுக்கும் மூத்த பெயர் இதுவே என்னும் கருத்து, பிளாசிதோ யாம்பாவ் 1957இல் வெளியிட்ட ஆர்னிஸ் நூலை ஒட்டியே பெரிதும் பரவிற்று. பின்னர் அமெரிக்காவில் அப்பெயர் வேரூன்றியது. நம்மவர் சிலர் ஒலியொப்புமை கொண்டு இதனைக் காளியோடு இணைக்க முற்படலாம். சிலம்பமே கடல் கடந்து எஸ்க்ரிமா ஆயிற்று என்று உரைக்கவும் கூடும். இரண்டிற்கும் சான்று இல்லை. சிலம்பக்கோல் ஆளுயரத்தை ஒட்டியது. பிலிப்பைன்ஸ் கோல் கை நீளத்தது. கோல் எல்லா நாட்டிலும் கிடைக்கும். அதைச் சுழற்றும் கையும் எல்லா நாட்டிலும் உண்டு. உறுதியாகச் சொல்லத்தக்க தொடர்பு ஒன்று உளது. இக்கலையின் ஆசானை அந்நாட்டார் ‘குரோ’ என்பர். ‘குரு’ என்னும் வடசொல் மலாய் மொழி வழியாக அங்குச் சென்று தங்கிய வடிவம் அது. அவ்வளவோடு அமைதல் நன்று.

வீரக்கதைகளுள் தலையாயது மக்தான் போர். 1521 ஏப்ரல் 27ஆம் நாள் மகல்லன் அத்தீவின் கரையில் லாப்பு-லாப்புவின் வீரர்களால் கொல்லப்பட்டான். அன்று வென்றது எஸ்க்ரிமாவே எனப் பயிற்சிக் கூடங்களில் பெருமிதத்துடன் கூறுவர். உடனிருந்து எழுதிய பிகஃபெத்தாவின் குறிப்பிலோ மூங்கில் ஈட்டிகளும், தீயில் வாட்டிய கூர்முனைக் கழிகளும், அம்புகளும், மகல்லனின் காலை வெட்டிய பெரிய வாளும் வருகின்றன, கோற்போர் வரவில்லை. ஸ்பானியர் வாளைத் தடை செய்தமையால் மக்கள் கோலை ஏந்தினர் என்னும் கதையும் ஆராய்தற்குரியது. கரும்பு வெட்டவும் தேங்காய் உடைக்கவும் போலோ என்னும் வெட்டுக்கத்தி அன்றாடம் வேண்டும். அதனை உழவர் கையினின்று எவரால் பறித்துவிட முடியும்?

இனிப் பயிற்சிக்கு வருவோம். மாணவன் பெறுவது ஏறத்தாழ 28 அங்குல நீளமுள்ள பிரம்பு. மூங்கில்போல் கூராகப் பிளவாமல் நார்நாராகச் சிதைவதால் பயிற்சிக்கு அது ஏற்றது. கமகோங் எனப்படும் கருங்காலி இன மரத்தில் கடைந்த கோல் எலும்பை முறிக்கும். அது தொடக்க மாணவனுக்கு உரியதன்று. கோலின் அடியில் சிறிது விட்டுப் பிடிக்குமாறு ஆசான் பணிப்பார். விடப்பட்ட அப்பகுதி புன்யோ. ஸ்பானிய மொழியில் முட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நெருங்கிப் பொரும்போது இடிக்கவும் கொக்கிபோல் மாட்டி இழுக்கவும் அதுவே பயன்படும்.

அடுத்த கட்டளை கூர்ந்து நோக்கத்தக்கது. வீசும்போது விரல்களின் நடுக்கணுக்கள் இலக்கை நோக்கி அமைய வேண்டும் என்று ஆசான் திரும்பத் திரும்பத் திருத்துவார். பிரம்போ உருண்டையானது, எப்பக்கம் பட்டாலும் அடி அடியே. பின் ஏன் இந்தத் திருத்தம்? காரணம் கோலில் இல்லை, வாளில் இருக்கிறது. வாள் விளிம்பால் படாவிடில் வெட்டாது. கோல் பயிலும் கை உண்மையில் வாளைப் பயில்கிறது. எவரும் எழுதி வைக்காத செய்தியை முட்டியின் திருப்பம் காத்து வைத்திருக்கிறது.

வீச்சுகள் எண்களால் அறியப்படும். எதிரியின் இடப்பொட்டை நோக்கி மேலிருந்து சாய்ந்து இறங்குவது பல மரபுகளில் முதலாம் எண். அதன் மறுபக்கம் இரண்டு. வயிற்றை நோக்கிய குத்து ஐந்து. சில மரபுகள் ஐந்து வீச்சுகளோடு நிற்கும். பன்னிரண்டு என்பதே பெருவழக்கு. எண் குறிப்பது படைக்கலத்தையன்று, வரும் திசையை. அத்திசையில் வருவது கோலாயினும் கத்தியாயினும் வெறுங்கையாயினும் விலகலும் தடுப்பும் பெரிதும் ஒன்றே. எனவே கோலில் தொடங்கியவன் கத்தியையும் கைப்போரையும் தனித்தனியே முதலிலிருந்து கற்க வேண்டுவதில்லை. பல கலைகள் வெறுங்கையில் தொடங்கிப் படைக்கலத்தில் முடிய, இது தலைகீழாகச் செல்வதன் காரணம் இதுவே.

காலடி முக்கோணத்தில் அமைகிறது. தரையில் வரைந்த முக்கோணத்தின் உச்சியில் நின்று, தாக்குதலின் நேர்க்கோட்டை விட்டு இடமோ வலமோ சாய்வாக முன்னேறுதல் அடிப்படைப் பாடம். பின்வாங்குதல் எளிது, விலகிக்கொண்டே நெருங்குதல்தான் கடினம். இடைவெளியை லார்கோ, மெதியோ, கோர்தோ எனச் சேய்மை, இடைமை, அண்மையாகப் பகுப்பர். மணிக்கட்டைத் திருப்பி விசிறிபோல் அடிப்பது அபனிகோ. இவையெல்லாம் ஸ்பானியச் சொற்கள். ஆனால் இருகோற் பயிற்சியின் பெயர் சினவாலி என்பது. வீட்டுச் சுவருக்கு மூங்கிற் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டிக்கு அந்நாட்டில் ‘சவாலி’ என்று பெயர். இருவர் எதிரெதிரே நின்று நான்கோ ஆறோ எண்ணிக்கையில் கோல்களை மாற்றி மாற்றி மோதும்போது காற்றில் அத்தட்டியின் பின்னலே தோன்றும். சொல்வழக்கைக் கொண்டு நோக்கின், அளவையும் பகுப்பையும் ஆள வந்தவர் மொழி தந்தது. பின்னலைக் குடிசைச் சுவர் தந்தது. இடக்கையைப் பழக்குவதற்கு இதனினும் சிறந்த பயிற்சி இல்லை. ஒற்றைக்கோல் ஏந்தும்போதும் அக்கை சும்மா தொங்குவதில்லை. எதிரியின் கையை அடக்கவும் கோலைப் பறிக்கவும் காத்திருக்கும்.

இப்பாடங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து ஓரிரு மாணவர்க்கும் மறைவாகவே சென்றன. செபு நகரில் 1920இல் லபங்கோன் கழகம் தோன்றியபின் நிலை மாறலாயிற்று. அது கலைந்தபின் 1932இல் சாவெத்ரா, கான்யெத்தே குடும்பத்தார் ‘தோசே பாரெஸ்’ கழகத்தை நிறுவினர். சார்லமேன் கதையில் வரும் பன்னிரு வீரரின் பெயர் அது. கொமேத்யா மேடை மீண்டும் எட்டிப் பார்க்கிறது. 1952இல் வெனான்சியோ பாக்கோன் பிரிந்து, பலின்தவாக் தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடையொன்றின் பின்புறத்தில் தம் முறையைக் கற்பிக்கலானார். அண்மையில் நின்று ஒற்றைக்கோலால் பொருதலே அவருடைய வழி. இரு கழகங்களின் பகையும் அறைகூவற் போர்களும் தனியே எழுதத்தக்கவை.

கற்பித்தலில் பெரிய மாற்றத்தைச் செய்தவர் ரெமி பிரேசாஸ் (1936–2001). பழைய முறையில் முதல் இலக்கு எதிரியின் கோல் ஏந்திய கை. பாம்பின் பல்லைப் பிடுங்குதல் என இதனைக் கூறுவர். பயிற்சியிலும் கை அடிபட்டது. விரல் வீங்கிய மாணவர் பலர் திரும்பி வரவில்லை. ஜூடோவும் கராத்தேயும் இளைஞரைக் கவர்ந்த காலம் அது. பிரேசாஸ் கையை விடுத்துக் கோலோடு கோல் மோதுமாறு பயிற்சியை அமைத்தார். ‘நவீன ஆர்னிஸ்’ எனப் பெயரிட்டுப் பள்ளிகளுக்கும் கொண்டு சென்றார். 1975இல் அவர் அமெரிக்கா சென்றார். அங்கே கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில், பிலிப்பைன்ஸ் பண்ணைத் தொழிலாளரிடையே ஏற்கெனவே இக்கலை வாழ்ந்துகொண்டிருந்தது. ஏஞ்சல் கபாலெஸ் 1966இலேயே அனைவர்க்கும் கதவு திறந்திருந்தார். அந்நகரில் பிறந்த டான் இனோசாந்தோ புரூஸ் லீக்கு நண்பராகி இதனை உலகறியச் செய்தார்.

பிரேசாஸ் செய்தது சரியா என்னும் வினா இன்றும் எழுகிறது. கையை அடித்தே கற்றவர்கள், இது கலையை ஆட்டமாக்கிவிட்டது என்றனர். அக்குறை முற்றும் பொய்யன்று. கோலை மட்டுமே அடித்துப் பழகியவன் எட்டாத் தொலைவில் நின்று அழகாகச் சுழற்றுவான். எதிரி அருகே வரின் திகைப்பான். கவசமும் தலைக்காப்பும் அணிந்த போட்டிகளிலும் இதே இடர் வேறு வடிவில் வருகிறது: வலி இல்லாததால் தடுப்பதை மறந்து இருவரும் மாறி மாறி அடிப்பர். கவசத்தின் பெயர் கொண்ட கலைக்குக் கவசமே பகையாயிற்று. ஆயினும் விரலை உடைத்து நூறு பேரில் ஐவரை வைத்துக்கொண்ட முறை தொடர்ந்திருப்பின், ஊர்தோறும் ஒரு முதியவரோடு இக்கலையும் புதைந்திருக்கும். பிரேசாஸின் தெரிவே தக்கது எனல் வேண்டும்.

2009 டிசம்பரில் குடியரசுச் சட்டம் 9850 ஆர்னிஸை நாட்டின் தேசியப் போர்க்கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. அதற்குமுன் 2005இலும் பின்னர் 2019இலும் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் அது இடம்பெற்றது. பள்ளி மைதானங்களில் சிறுவரும் சிறுமியரும் வரிசையாக நின்று பன்னிரு வீச்சுகளையும் எண்ணிச் சொல்லி வீசுகின்றனர். ஆசான்களுள் சிலர் அவ்வீச்சுகளைப் பிரம்பால் செய்வித்தபின், கூர் மழுக்கிய கத்தியைக் கையில் கொடுத்து அவற்றையே மீண்டும் செய்யச் சொல்வர். முட்டி தவறாகத் திரும்பியிருப்பது அப்போது மாணவனுக்கே தெரிந்துவிடும்.