ஹெடிங்லி 1932: யார்க்‌ஷயர் – நாட்டிங்காம்ஷயர் கவுண்டி ஆட்டம்

இங்கிலாந்தின் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் யார்க்‌ஷயரும் நாட்டிங்காம்ஷயரும் மோதிய ஒரு மூன்று நாள் ஆட்டம், 1932 ஜூலை 9, 11, 12 ஆகிய நாட்களில் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் நடைபெற்றது. இடையில் வந்த 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அன்று ஓய்வு. யார்க்‌ஷயரின் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி 10 ரன்கள் மட்டும் கொடுத்து 10 விக்கெட்டுகளையும் வீழ்த்திய ஆட்டம் என்றே இது நினைவுகூரப்படுகிறது. முதல் இன்னிங்ஸில் 71 ரன்கள் பின்தங்கிய அணி, கடைசி நாளில் பந்துவீச்சின் பலத்தால் மீண்டு வந்து வென்ற ஆட்டம் இது என்பதைச் சாதனைப் பட்டியல்கள் சொல்வதில்லை.

முதல் இரண்டு நாட்கள்

நாட்டிங்காம்ஷயர் முதலில் ஆடி 234 ரன்கள் எடுத்தது. அந்த அணியின் தலைவர் ஆர்தர் கார். ஹரோல்டு லார்வுட், பில் வோஸ் என்னும் இரு வேகப்பந்து வீச்சாளர்கள் அவரிடம் இருந்தார்கள். ஆனால் யார்க்‌ஷயரும் எளிய அணியன்று. அது முந்தைய ஆண்டின் சாம்பியன். அதன் தொடக்க ஆட்டக்காரர்களான பெர்சி ஹோம்ஸ், ஹெர்பர்ட் சட்கிளிஃப் இருவரும் ஒரு மாதத்திற்கு முன்புதான் லேட்டனில் எசெக்ஸ் அணிக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 555 ரன்கள் குவித்திருந்தார்கள். இந்த ஆட்டத்திலோ லார்வுட் 5 விக்கெட்டுகளைச் சாய்க்க, யார்க்‌ஷயர் 9 விக்கெட் இழப்புக்கு 163 என்று திணறியது. அந்த நிலையில் இடியுடன் பெருமழை பெய்து இரண்டாம் நாள் ஆட்டம் நின்றது.

பின்தங்கியபடியே டிக்ளேர்

மூன்றாம் நாள் காலை யார்க்‌ஷயர் தன் கடைசி விக்கெட்டைக் கொண்டு ஆடவில்லை. 163 ரன்களோடு டிக்ளேர் செய்து, 71 ரன் முன்னிலையை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தது. இன்றைய வாசகர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். அக்காலத்தில் மழை பெய்தால் ஆடுகளத்தை இப்போதுபோல முழுமையாக மூடி வைக்கும் வழக்கம் இல்லை. நனைந்த தரை வெயிலில் காயத் தொடங்கும்போது மேற்பரப்பு பிசுபிசுப்பாகும். அதில் விழும் பந்து தரையைக் கவ்வித் திரும்பும். சில பந்துகள் திடீரென எழும்பும். தரை மிகவும் ஈரமாக இருக்கும்போதும், நன்றாகக் காய்ந்த பிறகும் இந்தத் தொல்லை குறைவு. நடுவில் வரும் சில மணி நேரம்தான் ஆபத்தானது. அந்த நேரத்தில் எதிரணி மட்டையோடு நிற்க வேண்டும். ஆட்டத்தை முடிக்கப் போதிய பொழுதும் மிஞ்ச வேண்டும். கடைசி விக்கெட்டுக்குக் கிடைக்கக்கூடிய சில ரன்களைவிடக் காலம் பெரிது என்பதே யார்க்‌ஷயரின் கணக்கு.

உணவு இடைவேளை வரை அந்தக் கணக்கு பொய்த்ததாகவே தோன்றியது. நாட்டிங்காம்ஷயர் விக்கெட் இழப்பின்றி 38. முன்னிலை 109 ஆகிவிட்டது.

பத்து விக்கெட்டுகள்

இடைவேளைக்குப் பிறகு, 44ஆவது ரன்னில் கீட்டன் ஸ்லிப்பில் நின்ற ஜார்ஜ் மெக்காலேயிடம் பிடி கொடுத்தார். 47இல் ஷிப்ஸ்டன் விக்கெட் காப்பாளர் ஆர்தர் வுட்டிடம் பிடிபட்டார். 51இல் அணித்தலைவர் கார் ரன் ஏதும் எடுக்காமல் வெளியேறினார். வாக்கரும் ஆர்தர் ஸ்டேபிள்ஸும் ஸ்கோரை 63 வரை கொண்டுசென்றார்கள். அதன் பிறகு நடந்தது சரிவு. வாக்கர், ஹாரிஸ், கன் ஆகிய மூவரும் அடுத்தடுத்த பந்துகளில் வீழ்ந்தார்கள், வெரிட்டிக்கு ஹாட்ரிக். 64இல் ஸ்டேபிள்ஸும் லார்வுட்டும், 67இல் வோஸும் சாம் ஸ்டேபிள்ஸும் போனார்கள். 3 விக்கெட்டுக்கு 63 என்றிருந்த அணி, 4 ரன்கள் சேர்ப்பதற்குள் மீதி 7 விக்கெட்டுகளையும் இழந்து 67க்குச் சுருண்டது.

வெரிட்டியின் பந்துவீச்சுக் கணக்கு: 19.4 ஓவர், 16 மெய்டன், 10 ரன், 10 விக்கெட். மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். அவர் வீசியவை 118 பந்துகள். 16 ஓவர்களில் ஒரு ரன்கூட இல்லை. எஞ்சிய 22 பந்துகளில்தான் அந்த 10 ரன்களும் வந்தன.

ஆட்டமிழந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் பிடிபட்டவர்கள். ஒருவர் எல்பிடபிள்யூ, ஒருவர் ஸ்டம்பிங். ஒருவர்கூட போல்டு ஆகவில்லை. ஸ்டம்பைத் தகர்த்துக் கிடைத்த விக்கெட்டுகள் அல்ல இவை. பெரும்பாலும் மட்டைக்கு அருகே நின்றவர்கள் கைநழுவ விடாததால் கிடைத்தவை. மெக்காலே மட்டும் மூன்று பிடிகள் பிடித்தார். மறுமுனையில் 23 ஓவர்கள் வீசியவரும் அவரே. 34 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை. ஈரத் தரையில் ஆஃப் பிரேக் வீசுவதில் கைதேர்ந்தவர் அவர். வலதுகை ஆட்டக்காரருக்கு அவருடைய பந்து உள்ளே வரும். வெரிட்டியின் பந்து வெளியே செல்லும். இரு முனைகளிலும் இப்படி முரணான பந்துகள் வந்தால் மட்டையாளருக்கு மூச்சுவிட இடமிராது. மெக்காலேயின் 34க்கு 0 என்பதைத் தோல்வியாகப் படிப்பது தவறு.

வெற்றி

67உடன் 71ஐக் கூட்டினால் 138. யார்க்‌ஷயருக்குத் தேவை 139. ஹோம்ஸ் 77, சட்கிளிஃப் 54 என்று இருவரும் ஆட்டமிழக்காமல் நின்று, விக்கெட் இழப்பின்றி வெற்றியை எட்டினார்கள்.

இந்த வெற்றி மழை தந்த பரிசு என்று ஒதுக்கிவிட முடியுமா? அதே களத்தில், அதே நாளில், லார்வுட்டும் வோஸும் இருந்த அணியால் ஒரு விக்கெட்டைக்கூட எடுக்க இயலவில்லை. மாலைக்குள் தரை சற்றுக் காய்ந்து இணங்கியிருக்கலாம் என்பது உண்மை. ஓடிவந்து வீசும் வேகப்பந்து வீச்சாளருக்கு ஈரத்தில் கால் ஊன்றுவதும் கடினம். ஆனாலும் வாய்ப்பைத் தந்தது மழை என்றால், அதைப் பயன்படுத்தத் துணிந்தது அந்த டிக்ளேர் முடிவு. முடித்துக் காட்டியவர் வெரிட்டி. முந்தைய ஆண்டும் இதே ஹெடிங்லியில், தம் 26ஆம் பிறந்த நாளன்று, வார்விக்‌ஷயருக்கு எதிராக 36 ரன்களுக்கு 10 விக்கெட் எடுத்தவர் அவர்.

பின்னர்

அவ்வாண்டும் சாம்பியன் பட்டம் யார்க்‌ஷயருக்கே கிடைத்தது. எதிரெதிரே ஆடிய லார்வுட், வோஸ், வெரிட்டி, சட்கிளிஃப், பில் போஸ் ஆகியோர் அந்த ஆண்டின் இறுதியில் ஒரே அணியாக ஆஸ்திரேலியா சென்றார்கள். அதுவே 'பாடிலைன்' தொடர். 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் போட்டியிலும் வெரிட்டி ஆடினார். இந்தியாவின் முதல் இன்னிங்ஸில் 49 ரன்களுக்கு 7 விக்கெட், ஆட்டம் முழுவதிலும் 11 விக்கெட் எடுத்தார்.

இரண்டாம் உலகப் போர் இருவரையும் கொண்டுபோனது. விமானப்படைப் பணியில் இருந்த மெக்காலே 1940இல் காலமானார். சிசிலியில் காயமுற்றுச் சிறைப்பட்ட வெரிட்டி, 1943 ஜூலை 31 அன்று இத்தாலியின் கசெர்டாவில் இறந்தார்.

ஒரு இன்னிங்ஸின் 10 விக்கெட்டுகளையும் முதல்தர கிரிக்கெட்டில் இவரைவிடக் குறைந்த ரன்களுக்கு வேறு எவரும் எடுத்ததில்லை. இதற்கு முன் அந்தச் சாதனை, 1929இல் 18 ரன்களுக்கு 10 விக்கெட் எடுத்த லெஸ்டர்‌ஷயரின் ஜார்ஜ் ஜியரியிடம் இருந்தது.