அடைக்காயும் ஆட்டுப் பண்ணையும்

கொலைக்களக் காதையில் உணவு உண்டு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையோடு அளிப்பது அடைக்காய். இன்று நாம் பாக்கு என்று வழங்குவதன் பழம்பெயர் அது. அச்சொல்லுக்கு உறவான மலையாளச் சொல்லே போர்த்துக்கீசியர் வாயில் 'அரெக்கா' எனத் திரிந்து ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். சொல்லைப் போலவே காயும் கடல் கடந்தது. சென்ற இடத்தில் அதற்கு வாய்த்த பணி விருந்தோம்பல் அன்று. நாயின் வயிற்றிலிருந்து நாடாப்புழுவை வெளியேற்றுவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாய் வளர்ப்போர் பாக்கைத் துருவிப் பொடியாக்கிப் புழு மருந்தாகக் கொடுத்தனர். நாயின் எடையில் ஒரு பவுண்டுக்கு இரண்டு கிரெயின் என்பது அக்கால நூல்கள் கூறும் அளவு. 1888-இல் ஜெர்மானிய வேதியியலாளர் யான்ஸ் பாக்கின் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்து அரிக்கோலின் என்று பெயரிட்டார். அது புழுவைச் செயலிழக்கச் செய்யும். அதே வேளையில் நாயின் குடலை முடுக்கிக் கடும் பேதியையும் உண்டாக்கும். பிடி தளர்ந்த புழு மலத்தோடு வெளியேறிவிடும்.

நாய்க்கு வந்த புழுவால் ஆட்டுக்கு என்ன கேடு என்று வாசகர் வினவலாம். நாயின் சிறுகுடலில் வாழும் எகினோகாக்கஸ் என்ற நாடாப்புழு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. மலத்தோடு விழும் அதன் முட்டைகளைப் புல்லோடு மேய்கிறது செம்மறியாடு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் வளர்கின்றன. ஆட்டை அறுத்தபின் அவ்வுறுப்புகளைப் பச்சையாகத் தின்னும் நாய் மீண்டும் புழுவைப் பெறுகிறது. முட்டை மனிதன் வாய்க்குள் சென்றால் அவனுக்கும் அதே கட்டிதான். ஹைடாடிட் எனப்படும் இந்நோய்க்கு அந்நாளில் அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை.

செம்மறியாடே செல்வமாக இருந்த நியூசிலாந்தை இந்நோய் வாட்டியது. டனீடின் நகர அறுவை மருத்துவர் லூயி பார்னெட், கட்டிகளை அறுத்தெடுத்ததோடு நில்லாமல், நோயின் வேரைக் களைய வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடினார். 1930-களின் இறுதியில் நாய்களுக்கு அரிக்கோலின் கொடுப்பது உரிமையாளரின் கடமையாயிற்று. ஆனால், மாத்திரை வீடு வந்து சேர்ந்தது. நோய் வீட்டை விட்டுப் போகவில்லை. மாத்திரை நாயின் வயிற்றுக்குள் சென்றதா, சென்றபின் புழு வெளியேறியதா என்று பார்ப்பார் இல்லை. அரிக்கோலினுக்குப் புழுவின் முட்டையை அழிக்கும் ஆற்றலும் இல்லை. ஆகவே பேதியான மலமே புதிய தொற்றுக்கு வித்தாகக் கூடும்.

1959-இல் ஹைடாடிட் சட்டம் இயற்றப்பட்டுத் தேசிய அளவில் ஒரு மன்றம் அமைந்தபின் முறை மாறியது. வட்டாரத்து நாய்களை ஓரிடத்திற்குக் கொணர்ந்து, பயிற்சி பெற்ற அலுவலரே மருந்தைக் கொடுத்து, வெளியேறிய மலத்தில் புழு உண்டா என்று சோதித்தனர். மருந்தாக வந்த அரிக்கோலின் இப்போது சான்று கூறும் கருவியாகவும் ஆனது. தன் நாயின் புழுவைக் கண்ணாரக் கண்ட பண்ணையாளருக்கு, பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடலாகாது என்ற அறிவுரை எளிதில் உறைத்தது. 1970-களில் பிராசிகுவாண்டல் போன்ற வீரியமிக்க செயற்கை மருந்துகள் வந்து அரிக்கோலினின் இடத்தைப் பிடித்தன. 2002-இல் நியூசிலாந்து இந்நோயிலிருந்து தற்காலிக நிலையில் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

மூலிகை என்றாலே தீங்கற்றது என்று போற்றுவாரும், மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்று இகழ்வாரும் நம்மிடையே உண்டு. இருவரும் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பாக்கின் ஆற்றல் மெய். அதன் கடுமையும் மெய். அளவு மீறினால் நாய் வாந்தியெடுத்துச் சுருண்டு விழும். நாம் மெல்லும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது.

நியூசிலாந்தில் மருந்து தனித்து வெல்லவில்லை என்பதையும் மறத்தலாகாது. பொடியாகவும் மாத்திரையாகவும் இருந்தவரை அரிக்கோலின் அரைப்பணியே ஆற்றியது. அறுத்த ஆட்டின் ஈரலை நாய்க்கு எறியாத பழக்கம் ஊரெங்கும் ஊன்றிய பின்னரே மீதிப்பணி முடிந்தது. நம் கால்நடைகளுக்கு மூலிகைப் புழுநீக்கம் பரிந்துரைப்போர், மருந்தின் பெயரோடு இப்பழக்கத்தையும் சேர்த்தே சொல்வது நலம்.